டிரெசர் முதல் நகராண்மைக் கழகம் வரை: மலாக்காத் தோட்டச் சமூகமும் பொதுச் சுகாதாரத் திட்டமிடலும்

மலாக்கா நகரிலிருந்து வடமேற்கே கடலோரமாகப் போனால் வரும் சுங்கை ஊடாங் சிறிய ஊர்தான். ஆனால் ஒரு மாநிலத்தின் சுகாதாரக் கேள்விகளில் பாதி அங்கே கூடிக் கிடக்கிறது. பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1994 முதல் அங்கே இயங்குகிறது. 2013ல் நாட்டின் முதல் திரவ இயற்கை எரிவாயு இறக்குமதி முனையம் அதன் கடற்பரப்பில் செயல்படத் தொடங்கியது. 1950களின் இறுதியில் காமன்வெல்த் படைகளுக்காகக் கட்டிய தெரெண்டாக் முகாம் பக்கத்திலேயே இருக்கிறது. மலாக்காவின் குப்பையைக் கொண்டுவந்து புதைக்கும் இடமும் அங்கேதான். இவற்றுக்கு நடுவே கம்பங்கள் எனும் கிராமங்கள், தாமான்கள் எனும் புதிய குடியிருப்புகள், மிச்சமிருக்கும் பால்மரக் காடு, செம்பனைக் காடு, தோட்டம் கைமாறியதும் வெளியேறி வந்து குடியமர்ந்த குடும்பங்கள்.

இந்த ஊர்க்காரர் ஒருவருக்கு மூச்சிரைப்பு வந்தால் சுகாதார அமைச்சின் கிளினிக்குக்குப் போகலாம். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அளக்க வேண்டியது சுற்றுச்சூழல் துறை. குப்பை 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2011 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்தை மலாக்கா ஏற்றுக்கொண்டதால், மன்றங்களின் கையிலிருந்த குப்பை வேலை கூட்டரசின் கழகத்துக்கும் அதன் குத்தகை நிறுவனத்துக்கும் போய்விட்டது. முகாமின் வேலிக்குள் நடப்பது தற்காப்பு அமைச்சின் பொறுப்பு. சாலையோரக் கடைக்கு லைசன்ஸ் கொடுப்பதும், வீட்டுப் பிளானை அங்கீகரிப்பதும், லோங்காங் எனும் சாக்கடை வெட்டுவதும் உள்ளூர் மன்றத்தின் வேலை. தொழிலாளர் வரிசை வீடான தோட்ட லயம் என்றால் மனிதவள அமைச்சின் தொழிலாளர் இலாகா வர வேண்டும்.

அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையிலேயே இந்தப் பிரிவினை எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவமும் மருத்துவமனையும் கூட்டரசுப் பட்டியலில் இருக்கின்றன. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பொதுச் சுகாதாரமும் நோய்த் தடுப்பும் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் இருக்கின்றன. இரண்டு பேருக்கும் பொதுவான வேலையில், இருவரையும் உட்கார வைத்துப் பேச ஆள் வேண்டும். சுகாதாரத் திட்டமிடல் என்ற தொழில் பிறப்பது அந்த இடைவெளியில்தான். மலேசியத் தமிழர்களின் உடல்நல வரலாற்றை அந்த இடைவெளியின் வரலாறாகவே படிக்கலாம் என்பது என் கருத்து. நம்மவர்களைத் தாக்கிய நோய்களுக்கு மருந்து தெரியாமல் இருந்த காலம் குறைவு. யாருடைய நிலத்தில் யார் தடுப்பது என்பது முடிவாகாமல் இருந்த காலம்தான் அதிகம்.

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் மலாக்காவின் டான் சே யான். 1896ல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் பயிரிட்டார். கார்ச் சக்கரத்துக்கு ரப்பர் தேவைப்பட்டது. ரப்பருக்குக் காடு அழிந்தது. அழிந்த காட்டில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து ஆள் வந்தது. வந்தவர்களை மலேரியா எதிர்கொண்டது. மலைச்சரிவில் அமைந்த சில தோட்டங்களில் ஆண்டுச் சாவு ஆயிரத்துக்கு 200ஐத் தாண்டியது என்றால், ஐந்து பேரில் ஒருவர் அடுத்த ஆண்டைப் பார்க்கவில்லை என்று பொருள்.

இந்தக் கதையில் உள்ளூர்ச் சுகாதாரத் திட்டமிடலின் முதல் பாடம் மலாக்காவில் எழுதப்படவில்லை, கிள்ளானில் எழுதப்பட்டது. 1901 தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தார். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். ஓரிரு மாதத்துக்குள் அங்கே வேலை செய்த கூலிகளும் குமாஸ்தாக்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடலாமா என்ற பேச்சு எழுந்தது. வாட்சன் கேட்டது மருந்து அன்று. சதுப்பை வடிக்க வாய்க்கால், குடியிருப்பைச் சுற்றிக் காட்டை வெட்ட ஆள், இரண்டுக்கும் பணம். சுகாதார வாரியமும் பொதுப்பணித் துறையும் மாவட்ட அதிகாரியும் ஒரே திட்டத்தில் இறங்கினார்கள்.

கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901ல் 582 பேர் இறந்தார்கள். அதில் 368 சாவு காய்ச்சலால். அடுத்த ஆண்டு மொத்தச் சாவு 144 ஆனது. காய்ச்சல் சாவு 59. மூன்று ஆண்டுகள் கழித்தும் அந்த எண்ணிக்கை மீண்டும் ஏறவில்லை. உலகில் மலேரியாவைக் கொசு வழியாகத் திட்டமிட்டுக் கட்டுப்படுத்திய முதல் வெற்றிகளில் ஒன்றாக இது இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

அந்தப் பாடப் புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போகும் செய்தி ஒன்று உண்டு. வாட்சன் நகரத்துக்கு ஒரு கணக்கும் நகருக்கு வெளியே உள்ள மாவட்டத்துக்கு ஒரு கணக்கும் வைத்திருந்தார். நகருக்குள் காய்ச்சல் விழுந்த அதே ஆண்டுகளில், வெளியே, தோட்டங்கள் இருந்த பகுதியில், காய்ச்சல் சாவு குறையவில்லை. புதுத் தோட்டங்கள் திறக்கத் திறக்க அது கூடியது. வாரியத்தின் எல்லை முடிந்த இடத்தில் வாய்க்காலும் முடிந்தது. அதற்கு அப்பால் நிலம் கம்பெனியுடையது. அங்கே வாய்க்கால் வெட்டுவதா வேண்டாமா என்பது தோட்ட மேலாளரான துரையின் தீர்மானம்.

வாட்சன் அரசு வேலையை விட்டுத் தோட்டங்களின் மருத்துவராகவே ஆனார். அங்கே அவருக்குக் கிடைத்த பாடம் கடினமானது. சமவெளியில் பலித்த முறை மலையடிவாரத்தில் பலிக்கவில்லை. சமவெளியின் கொசு அனோபிலிஸ் அம்ப்ரோசஸ். நிழலும் தேங்கிய காட்டு நீரும் அதற்கு வேண்டும். காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஓடிவிடும். மலையோரத்தின் கொசு அனோபிலிஸ் மாக்குலேட்டஸ். வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் அதற்குப் பிடிக்கும். ரப்பருக்காகப் பள்ளத்தாக்கில் காட்டைச் சுத்தம் செய்ததும் அதற்கு மனிதரே இடம் தயாரித்துக் கொடுத்ததாயிற்று. சுத்தமாக இருக்கும் ஓடைதான் ஆபத்து என்று எந்தத் துரைக்கு நம்பிக்கை வரும்?

அதற்கு வாட்சன் கண்ட வழி மண்ணுக்கடியில் குழாய். பள்ளத்தின் அடியில் ஓடைப் போக்கிலேயே குழி வெட்டுவார்கள். சுட்ட களிமண் குழாய்களை ஒன்றின் வாய் மற்றொன்றின் வாயோடு ஒட்ட, பூச்சு எதுவும் பூசாமல், வரிசையாகப் படுக்க வைப்பார்கள். மேலே கல், கல்லுக்கு மேல் மண், மண்ணுக்கு மேல் புல். ஊற்றுநீர் குழாய்களின் இடுக்கு வழியே உள்ளே இறங்கி இருட்டிலேயே ஓடிப்போகும். கொசுவுக்கு முட்டையிடத் தண்ணீர் கண்ணில் படாது. குழாய் போட முடியாத ஓடையில் வாராவாரம் எண்ணெய் தெளிப்பார்கள். அந்தக் குழியை வெட்டியதும் குழாயைப் படுக்க வைத்ததும் எண்ணெய் டின்னை முதுகில் சுமந்து பள்ளம் பள்ளமாக இறங்கியதும் நம் பாட்டன்மார்தான். வாட்சனுக்கு 1924ல் சர் பட்டம் கிடைத்தது. அவர் திட்டத்தை மண்ணில் இறக்கியவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

குழாய்க்குப் பணம் கொடுத்த கம்பெனிகள் உண்டு, கொடுக்காத கம்பெனிகளும் உண்டு. ரப்பர் விலை ஏறினால் கொசு வேலை நடக்கும், இறங்கினால் நிற்கும். இதைப் பார்த்த கூட்டு மலாய் மாநில அரசு 1924ல் தோட்டச் சுகாதாரத்தை ஆராய ஆணையம் அமைத்தது. அதன் பயனாக 1926ல் சுகாதார வாரியச் சட்டம் வந்தது. பல தோட்டங்களை ஒரே வாரியத்தின் கீழ்க் கொண்டுவந்து, வரி வசூலித்து, பொதுவான மருத்துவ அதிகாரியையும் மருத்துவமனையையும் வைப்பது நோக்கம். ஊராட்சியின் கொள்கையே அதுதான். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. செலவை ஏற்க முதலாளிகள் விரும்பவில்லை, பிறகு மந்தநிலை வந்தது. மலாக்காவோ நீரிணைக் குடியேற்றமாக இருந்ததால் அந்தச் சட்ட எல்லைக்குள்ளேயே இல்லை. 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்த்து, 1937ல் அறிக்கை தந்தார். கூலி, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் என்று அந்தக் காலத்து விவாதம் நீண்டது. ஆனால் தோட்டத்தை ஓர் ஊராகக் கருதி, ஊருக்கு உரிய சுகாதாரத்தை அதற்கும் கேட்கும் குரல் பலமாக எழவில்லை.

அதனால் தோட்டத்துச் சுகாதாரம் என்றால் டிரெசர் எனும் மருத்துவ உதவியாளர் என்றாயிற்று. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் காய்ச்சல்காரரைப் பிரித்து நிறுத்தி, கொய்னா மருந்தைத் தன் கண்முன்னே விழுங்க வைத்து, புண்ணுக்கு மருந்து கட்டி, பிரசவத்துக்கு நடுராத்திரியில் லாரியில் ஏற்றி அனுப்பியவர் அவர். 1965ல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வரும்வரை அவருடைய தகுதிக்கே சரியான வரையறை இல்லை. டிரெசரைக் குறை சொல்ல மாட்டேன். பல தோட்டங்களில் ஜனங்கள் நம்பிய ஒரே படித்த மனிதர் அவர். ஆனால் அவர் சம்பளம் தோட்ட ஆபீசிலிருந்து வந்தது. லயத்துக் கக்கூஸ் நிரம்பி வழிகிறது என்று அவர் எழுதும் குறிப்பு போய்ச் சேரும் இடம் துரையின் மேசை. அந்த மேசையைத் தாண்டி அதற்கு வழி கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாடு செய்த மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று கிராமச் சுகாதாரச் சேவை. ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், அதன் கீழே பத்தாயிரம் பேருக்கு ஒன்றாகத் துணை நிலையங்கள், இரண்டாயிரம் பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக் என்று மக்கள்தொகையைக் கணக்கிட்டு வரைந்த திட்டம் அது. 1970களில் அதை இரண்டு அடுக்காகச் சுருக்கி, நாலாயிரம் பேருக்கு ஒரு கிளினிக் டேசா (கிராமக் கிளினிக்) என்று மாற்றினார்கள். பிரசவத்தில் தாய் இறப்பது 1957ல் லட்சத்துக்கு ஏறத்தாழ 280ஆக இருந்து 1990களில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதற்கு இந்த வலைப்பின்னலும் ஒரு பெரிய காரணம். உலக நாடுகள் இதை வந்து பார்த்துப் படித்தன. ஆனால் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் தோட்டத்தைக் கிராமமாக எண்ணவில்லை. தோட்டம் தனியார் நிலம். தண்ணீரும் விளக்கும் கக்கூசும் முதலாளி கொடுக்க வேண்டியவை என்று சட்டம் சொன்னது. அரசுப் பணம் அந்த வாயிற்கதவோடு நின்றது. கம்பத்தில் கிளினிக்கும் குழாய்த் தண்ணீரும் வந்த அதே காலத்தில், பக்கத்துத் தோட்டத்தில் மக்கள் கிணற்றை நம்பியிருந்தார்கள். 

இதே காலத்தில்தான் ஒரு தமிழர் தலைமையில் ஊராட்சி பற்றிய மிக முக்கியமான ஆவணம் தயாரானது. 1965ல் உள்ளூர் மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய அரச விசாரணை ஆணையம் நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் வழக்கறிஞரும் செனட்டருமான டத்தோ ஆதி நாகப்பன். இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர் என்றும் பலருக்கு அவரைத் தெரியும். அப்போது தீபகற்பத்தில் 370க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் சிதறிக் கிடந்தன. பலவற்றுக்குப் போதிய வருமானமும் இல்லை, பயிற்சி பெற்ற அதிகாரியும் இல்லை. அவற்றை இணைத்துப் பலப்படுத்த வேண்டும், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்கள் தொடர வேண்டும் என்று ஆணையம் 1968ல் தந்த அறிக்கை பரிந்துரைத்தது. அரசாங்கம் இணைப்பை எடுத்துக்கொண்டது, தேர்தலை விட்டுவிட்டது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. எட்டுக்குக் குறையாமல் இருபத்து நான்குக்கு மேற்படாமல் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை இன்றும் தொடர்கிறது.

ஆதி நாகப்பன் அறிக்கையை நம்மவர்கள் அரசியல் ஆவணமாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். என் பார்வையில் அது ஒரு சுகாதார ஆவணமும்கூட. லோங்காங், மார்க்கெட், கசாப்புக்கூடம், கடைத்தெரு, கட்டட அனுமதி ஆகியவை எல்லாம் மன்றத்தின் மேசையில் முடிவாகின்றன. தேர்தல் இருந்திருந்தால், தோட்டத்தை விட்டு நகரின் ஓரங்களில் வந்து குவிந்த குடும்பங்கள் தங்கள் தெருவின் சாக்கடைக்காக ஓட்டுக் கேட்டு வந்தவரைப் பிடித்து நிறுத்தியிருக்க முடியும்.

தோட்டத்துக்குள் சட்டம் மெதுவாக நகர்ந்தது. 1966ல் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. 1990ல் அதற்குப் பதிலாக 446ஆம் எண் சட்டம் வந்தது. வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டகை, மருத்துவ வசதி, வாராவாரம் லயத்தைச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. 2019ல் திருத்தி 2020ல் நடப்புக்குக் கொண்டுவந்த பிறகு, தங்குமிடம் கொடுக்கும் எல்லாத் துறை முதலாளிகளுக்கும் அது பொருந்துகிறது. கோவிட் தொற்று, கையுறைத் தொழிற்சாலைகளின் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் பரவியபோது நாடு அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துப் படித்தது. நூறாண்டுக்கு முன் நம் லயத்தில் இருந்த நெரிசல் அந்த விடுதிகளிலும் இருந்தது. இன்று மலாக்காவின் செம்பனைத் தோட்டங்களில் லயத்தில் இருப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்காகக் கேட்க நமக்குத் தனிக் கடமை உண்டு என்று நினைக்கிறேன். அந்த வீடுகளில் இருந்துதான் வந்தோம்.

நம்மவர்கள் போய்ச் சேர்ந்தது தாமானுக்கும் அடுக்குமாடிக்கும். அங்கே நோயும் மாறியது. மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா மலேசியாவில் 2018 முதல் உள்நாட்டில் பதிவாகவில்லை. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது டிங்கி. 2019ல் நாடு முழுதும் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது, 182 பேர் இறந்தார்கள்.

டிங்கி என்று மருத்துவர் சந்தேகப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து ஒரு குழு கிளம்புகிறது. நோயாளியின் வீட்டை நடுவில் வைத்து, 200 மீட்டர் தொலைவு வரை வீடு வீடாகப் பார்க்கிறார்கள். டார்ச் லைட், அகப்பை, சொட்டுக் குழாய், சிறு கண்ணாடிக் குப்பி. பூச்சட்டித் தட்டு, குளிர்பெட்டிக்குப் பின்னால் உள்ள நீர்த்தட்டு, சாமி மேடையில் மாற்ற மறந்த செம்புத் தண்ணீர், கூரைத் தகரக் கால்வாயில் இலை அடைத்த மூலை. அகப்பையில் அள்ளிய நீரில் நெளியும் புழுவைக் குப்பியில் எடுத்து, முகவரி எழுதி ஒட்டுகிறார்கள். புழு இருந்தால் 1975ஆம் ஆண்டின் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி 500 ரிங்கிட் வரை கம்பவுண்டு. மாலையில் புகையடிக்கிறார்கள். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், புழுவைத் தொடாது. ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த தலைமுறை பறக்கிறது.

இந்த வேலையைச் செய்வது சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரியும் அவருடைய உதவியாளர்களும். சுகாதார அமைச்சிலும் இருக்கிறார்கள், மன்றங்களிலும் இருக்கிறார்கள். அந்த இரண்டாவது இடத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அமைச்சின் அதிகாரி நோய் வந்த பிறகு அந்தத் தெருவுக்குப் போகிறார். மன்றத்தின் அதிகாரி நினைத்தால் தெரு உருவாகும் முன்பே போக முடியும். தாமானின் வரைபடம் அங்கீகாரத்துக்கு வரும்போது, பின்சந்து லோங்காங்குக்கு நீர் ஓடும் சரிவு இருக்கிறதா, குப்பைத் தொட்டி வைக்க இடம் எங்கே, கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்ய ஆள் ஏற முடியுமா என்று அப்போதே கேட்கலாம். சமையலறையை நீட்டிக் கட்டிப் பின் லோங்காங்கை மூடிவிட்ட வரிசை வீடுகளை மலாக்காவில் எந்தத் தாமானிலும் காட்டலாம். மூடிய அந்த லோங்காங்குக்குள் எந்த அகப்பையும் போகாது. அனுமதி கொடுத்த நாளில் ஒரு சுகாதார அதிகாரியின் கையெழுத்து தேவைப்பட்டிருந்தால் பத்தாண்டுப் புகைமருந்து மிச்சமாகியிருக்கும்.

நீரிழிவுக்கும் இதே கணக்குத்தான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் அதிகம். பால் வெட்டிய காலத்தில் விடியற்காலையிலிருந்து மேடு பள்ளம் ஏறி இறங்கிய உடம்பு, இன்று தொழிற்சாலைப் பஸ்ஸில் உட்கார்ந்து போய், நடைபாதை இல்லாத தாமானுக்குத் திரும்பி வருகிறது. மருத்துவர் நடக்கச் சொல்கிறார். எங்கே நடப்பது? லாரி போகும் சாலை ஓரத்திலா? நடைபாதை, பூங்கா, விளக்கு, பள்ளி வாசலில் யாருக்குக் கடை லைசன்ஸ் என்பதெல்லாம் மன்றத்தின் கையில். மன்றம் மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு மலாக்காவே சாட்சி. 2011ல் பாரம்பரிய நகர்ப்பகுதி உள்ளிட்ட சில இடங்களைப் புகையற்ற பகுதிகளாக அறிவித்து, கடைவாசலிலும் நடைபாதையிலும் சிகரெட்டைத் தடுக்க இந்த மாநிலம் மற்ற மாநிலங்களுக்கு முன்பே துணிந்தது.

தமிழ்நாட்டில் சுகாதாரத் திட்டமிடல் என்ற இந்தத் தொழிலுக்கு நூறாண்டு மரபு இருக்கிறது. அங்கே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் 1922ல் அமைந்தது. 1939ல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அது முதல் முயற்சி. நகராட்சிகளில் சுகாதார அதிகாரி இருக்க வேண்டும், வருமானத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கென ஒதுக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. முக்கியமானது, அந்த அதிகாரிகள் மருத்துவமனையிலிருந்து சில நாள் இரவலாக வந்தவர்கள் அல்லர். பொதுச் சுகாதாரத்தையே படித்து, அதிலேயே பதவி உயர்வு பெற்று, மாவட்டம் மாவட்டமாக வேலை பார்த்தவர்கள். சுனாமிக்குப் பின் 2004 இறுதியில் கடலோர முகாம்களில் காலராவும் டைஃபாய்டும் கொள்ளைநோயாகப் பரவாமல் காத்ததில் அந்த அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நோய் வராமல் பார்ப்பதை ஒருவர் வாழ்நாள் தொழிலாகச் செய்யலாம், அதில் மேலே வரலாம் என்று அந்த அமைப்பு உறுதி கொடுத்தது.

மலேசியாவிலும் அந்தப் பாதை இருக்கிறது, நம்மவர்கள் கண்ணில் படவில்லை. பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவர் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் டிப்ளோமா படிக்கலாம். யு.கே.எம்., யு.ஐ.டி.எம். போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டமே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் சட்டம் இதைப் பதிவு பெற்ற தொழிலாக ஏற்கிறது. மருத்துவப் பட்டம் பெற்றவர் பொதுச் சுகாதாரத்தில் முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்துச் சிறப்பு மருத்துவராக ஆகலாம். நகரத் திட்டமிடல், புள்ளியியல், பொறியியல் படித்தவர்களுக்கும் இதில் இடமுண்டு. மண்ணடிக் குழாய் போட வாட்சனுக்குப் பொறியாளர் தேவைப்பட்டது போலவே இன்றும் தேவை. நம் வீடுகளில் மருத்துவம் என்றால் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மட்டும்தான். மகன் டாக்டர் என்று சொல்லும் பெருமை, மகள் மன்றத்தில் சுகாதார அதிகாரி என்று சொல்வதிலும் இருக்க வேண்டும் என்று நான் மனமார நம்புகிறேன்.

அதிகாரியாக ஆகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, மன்றம் தன் பகுதிக்கான உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, எழுத்துமூலம் ஆட்சேபத்தையும் கருத்தையும் கேட்க வேண்டும். எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது குப்பைக்கு, எது பூங்காவுக்கு என்று அந்த வரைபடத்தில் நிறம் நிறமாகக் குறித்திருப்பார்கள். கோயில் கமிட்டிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் அந்த அறிவிப்பைக் கவனித்து, நாலு பேராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தங்கள் தாமான் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, மழைநீர் எந்த லோங்காங் வழியாகப் போகிறது, பிள்ளைகள் எந்தச் சாலையைக் கடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். மலாய் மொழியில் எழுதுங்கள், தெரு பெயரையும் வீட்டு எண்ணையும் குறிப்பிடுங்கள், முத்திரை குத்திய நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அவகாசம் முடிந்த பிறகு கொடுக்கும் மனுவைக் கணக்கில் எடுக்க வேண்டிய கட்டாயம் மன்றத்துக்கு இல்லை.